நல்லதண்ணி சீசன் டியூட்டி: வீடு பக்கத்தில் என்று படி மறுக்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நோர்வூட் மலர்
வணக்கம். அவசரமாக ஒரு உதவி. என் வீட்டுக்காரர் பொலிஸில் இருக்கிறார். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு மலையடிவாரத்தில் உள்ள நல்லதண்ணியில் போட்டிருக்கிறார்கள். வெளியூர் டியூட்டிப் படிக்கு பில் போட்டார், கணக்குக் கிளையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்கள் வீடு இதே மாவட்டம்தானே, வீட்டில் போய்ப் படுக்கலாமே" என்று சொன்னார்களாம். கூட வந்த மற்றவர்களுக்குக் கிடைக்கிறது, இவருக்கு மட்டும் இல்லை. தங்குவதற்கும் ஒழுங்கான இடம் இல்லை, ஒரு ஹாலில் எல்லோரும் தரையில் படுக்கிறார்கள். அந்தக் குளிரில் எப்படி? இது நியாயமா? யாரிடம் கேட்க வேண்டும்?

ஹட்டன் தம்பி
அக்கா, அவருடைய நிரந்தர ஸ்டேஷன் எது? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஹட்டன் பக்கமே வேலை செய்கிறவர் என்றால் ஒரு கதை, வேறு மாகாணத்தில் இருந்து வந்தவர் என்றால் வேறு கதை.

கொட்டகலை ஆசிரியர்
நல்லதண்ணி கஷ்டப் பிரதேசம்தானே? எங்களுக்குக் கஷ்டப் பிரதேசப் பாடசாலை என்றால் தனியாக ஒரு கொடுப்பனவு உண்டு. அதைக் கேட்கச் சொல்லுங்கள். டிசம்பரில் அங்கே இரவு நிற்பதே பெரிய பாடு. உச்சி 2,243 மீட்டர், மேலே காவல் நிற்கிறவனுக்குக் காற்று எலும்புக்குள் போகும். இதற்கெல்லாம் காசு கொடுக்காவிட்டால் எதற்குக் கொடுப்பார்கள்?

பழைய பிரதம எழுதுவினைஞர்
ஆசிரியர் அவர்களே, பாடசாலைக் கொடுப்பனவைப் பொலிஸில் தேடாதீர்கள். தங்கச்சி, அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவை என்று ஒரு புத்தகம் இருக்கிறது. அரச ஊழியர் வீட்டில் அது இருக்க வேண்டும், இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. உள்நாட்டுப் பிரயாணச் செலவு 14ஆம் அத்தியாயம். அரசாங்க விடுதி 19ஆம் அத்தியாயம். நீங்கள் படியையும் தங்குமிடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கிறீர்கள். இரண்டும் வேறு, கேட்கும் இடமும் வேறு. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: என்ன பதவி? கையில் உள்ள கடிதம் இடமாற்றமா, கொஞ்சக் காலத்துக்கு மட்டும் வேறிடத்துக்கு அனுப்பும் தற்காலிக இணைப்பா? சாப்பாடு யார் தருகிறார்கள்?

நோர்வூட் மலர்
கான்ஸ்டபிள். மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறார், சம்பளம் இன்னும் அங்கேதான் போடுகிறார்கள். கடிதம் அவரிடம், சிங்களத்தில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. சாப்பாடு மெஸ்ஸில், காசு கட்டித்தான். லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வருவார்.

பதுளை கணக்கு
இப்போதுதான் விஷயம் தெளிவாகிறது. நான் வேறொரு திணைக்களத்தில் இந்த பில்களைப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

பிரயாணப் படி கணக்கிடும்போது முதலில் பார்ப்பது அவருடைய நிரந்தர வேலைத்தலம் எது என்பதைத்தான். சம்பளம் மட்டக்களப்பில் ஏறுகிறது, ஆளைச் சீசன் முடியும் வரை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அது தற்காலிக இணைப்பாகத்தான் இருக்க வேண்டும். அப்போது அவர் மட்டக்களப்பில் இருந்து வெளியே வந்து கடமை செய்கிறவர். நிரந்தர முகவரி மஸ்கெலியாவா நோர்வூட்டா என்பதை வைத்து அவரை உள்ளூர்க்காரராக மாற்ற முடியாது. இரவு பன்னிரண்டு மணிக்குப் படிக்கட்டில் நிற்கிறவர் எந்த வீட்டில் படுக்கிறார்? வேலைத்தலத்தில் தங்கியிருந்த இரவுக்குத்தான் கேட்கிறார்.

ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்று, அவர் தானே கேட்டு வந்தாரா? "வீட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள் சேர்" என்று மனு எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் காட்டுவார்கள். சொந்த வேண்டுகோளில் வாங்கிய இடமாற்றத்துக்குச் செலவு கிடையாது, சேவையின் அவசியத்துக்காக அனுப்பினால்தான் உண்டு. இவருடையது இணைப்பு என்றாலும் கிளையில் அதே கண்ணோடு பார்ப்பார்கள். இரண்டாவது, லீவில் வீட்டுக்கு வந்த நாள்களையும் சேர்த்து பில் போட்டிருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே முழு பில்லும் திரும்பும். அந்த நாள்களை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

வட்டவளை ரயில்
வரும்போது காசில்லாமல் ரயிலில் வர வொரண்ட் கொடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லையே? பில்லில் பஸ் காசும் போட்டிருப்பார், அதனால்தான் திருப்பியிருப்பார்கள். ஹட்டனில் ஸ்டேஷன் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. ரயில் இருக்கும்போது பஸ் காசு எதற்கு என்றுதான் கேட்பார்கள்.

ஹட்டன் தம்பி
அண்ணே, வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மட்டக்களப்பு ரயில் பொலன்னறுவை, கல்ஓயா, மாஹோ என்று சுற்றி பொல்கஹவெலைக்கு வரும். அங்கே இறங்கி மலைநாட்டு ரயிலுக்குக் காத்திருந்து, கடுகண்ணாவை ஏறி நாவலப்பிட்டி தாண்டி ஹட்டன். நாட்டையே பாதி சுற்றுகிற வழி. செங்கலடியில் பஸ் ஏறினால் ஏ5 வீதியில் மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை, நுவரெலியா. அங்கிருந்து தலவாக்கலை வழியாக ஹட்டன். குறுகிய வழி இதுதான்.

வட்டவளை ரயில்
குறுகிய வழி கிலோமீட்டரில். அரசாங்கத்துக்குச் செலவு எதில் குறைவு என்பதும் கேள்வி. நாலு பஸ் மாறி, பெட்டியும் படுக்கையும் தூக்கிக்கொண்டு பதுளை ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு ரயில்தான் நல்லது. படுத்தாவது வரலாம்.

ஹட்டன் தம்பி
2025 நவம்பர் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை எந்த மாதிரி உடைந்தது என்று வட்டவளையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கையில் வொரண்ட் இருக்கிறது என்பதற்காகத் தண்டவாளம் தானாக வந்துவிடாது. டியூட்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

பழைய பிரதம எழுதுவினைஞர்
இரண்டு பேரும் ரயில் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேள்விக்கு வாருங்கள். வந்து சேர்ந்த ஒரு நாள் பயணத்துக்காக மாதக் கணக்கான இரவுப் படி நிற்கவில்லை.

காக்கி நண்பன்
நானும் சேவையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். அக்கா, மிக முக்கியமானது பதிவு. மட்டக்களப்பில் இருந்து புறப்பட்டபோது ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். நல்லதண்ணியில் வந்து சேர்ந்ததும் எழுதியிருப்பார்கள். அவருடைய குறிப்புப் புத்தகத்தில் எந்த நாள், எந்தக் காவலிடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இருக்கும். பில்லோடு இவற்றின் பிரதி, இணைப்புக் கடிதத்தின் பிரதி, அங்கே உள்ள பொறுப்பதிகாரியின் சான்று, எல்லாம் சேர்ந்தால் "வீட்டில் படுக்கலாமே" என்று வாயால் சொல்லித் தள்ளுவது கஷ்டம்.

தங்குமிடம் பற்றி: விசேட கடமை என்றால் இப்படித்தான் நடக்கிறது. 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை கண்டியில் தலதா யாத்திரை (புத்தரின் புனித தந்த தரிசனம்) நடந்தபோது எங்களைப் பாடசாலை வகுப்பறையில்தான் தங்க வைத்தார்கள். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்தோம். குழாய் ஒன்றுக்கு எத்தனை பேர் வரிசையில் நின்றோம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சில நாள் என்றால் தாங்கலாம். சிவனொளிபாதமலை சீசன் டிசம்பரில் உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயா வரை போகிறது. பாதி வருடத்துக்குத் தரையில் படு என்று ஒரு மனிதனிடம் சொல்லக் கூடாது. கட்டிலும் கம்பளியும் வெந்நீரும் கேட்பது ஆடம்பரம் இல்லை. அதை ஒருவர் தனியாகக் கேட்டால் பெயர் கெடும், அங்கே இருக்கிற எல்லோரும் பொறுப்பதிகாரி மூலமாகச் சேர்ந்து எழுத வேண்டும்.

கொட்டகலை ஆசிரியர்
தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு நேராக ஒரு கடிதம் போட்டால் என்ன?

பழைய பிரதம எழுதுவினைஞர்
எடுத்த எடுப்பில் ஆணைக்குழுவுக்குப் போனால் "உரிய வழியூடாக அனுப்பவும்" என்று திரும்பி வரும். பொறுப்பதிகாரி, அவருக்கு மேல் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அப்படிப் படிப்படியாக ஏற வேண்டும். முதலில் மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதி, எந்தச் சுற்றுநிருபம் என்று கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்புக்கு மேன்முறையீடு எழுத முடியாது.

பதுளை கணக்கு
எழுத்தில் தர மறுத்தால் வேறு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தற்காலிக இணைப்பில் உள்ளவர்களுக்குப் படி கொடுக்கும் சுற்றுநிருபத்தின் பிரதியைத் தரச் சொல்லி எந்தப் பிரஜையும் கேட்கலாம், நீங்களே கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். அவருடைய பெயரையோ இலக்கத்தையோ போடத் தேவையில்லை, பொதுவான சுற்றுநிருபத்தைத்தான் கேட்கிறீர்கள்.

பழைய பிரதம எழுதுவினைஞர்
மனைவி தகவல் கேட்டு மனுப் போட்டார் என்று தெரிந்தால் அடுத்த இணைப்பு எங்கே கிடைக்கும் என்று யோசித்தீர்களா? நாற்பது வருடம் கந்தோரில் இருந்தவன் சொல்கிறேன், பொறுமையாக இருங்கள்.

பதுளை கணக்கு
ஐயா, இந்தப் பயத்தினால்தான் தோட்டத்தில் இருந்து போன பிள்ளைகள் உரிய காசைக் கேட்காமலே வீட்டுக்கு வருகிறார்கள். கேட்பது சட்டம் கொடுத்த உரிமை. முதல் படியாக இல்லாவிட்டாலும் கடைசிப் படியாகவாவது கையில் வைத்திருக்கட்டும்.

காக்கி நண்பன்
அக்கா, ஒன்று மட்டும். கடிதத்தைப் படம் பிடித்து இங்கே போட்டுவிடாதீர்கள். அது அவரைத்தான் பாதிக்கும்.

நோர்வூட் மலர்
எல்லோருக்கும் நன்றி. கடிதத்தைப் பக்கத்து வீட்டு அண்ணாவிடம் வாசிக்கக் கொடுத்தோம். தற்காலிக இணைப்பு என்றுதான் இருக்கிறது, சேவையின் அவசியம் என்றும் எழுதியிருக்கிறது. அவர் கேட்டு வரவில்லை. லீவு நாள்களை வெட்டி, குறிப்புப் புத்தகப் பிரதியோடு திரும்பவும் கொடுத்திருக்கிறார். இந்த முறை வாங்கிக்கொண்டார்கள். காசு இன்னும் வரவில்லை. கட்டில் வந்திருக்கிறது, கம்பளி வீட்டில் இருந்து கொடுத்தனுப்பினேன்.

பதுளை கணக்கு
பில்லைப் பொறுப்பேற்றதற்குத் திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கினாரா?

ஹட்டன் தம்பி
அக்கா, அதைக் கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள்.