பொண்ணு வீட்டுக்காரன் முந்நூறு குதிரை குடுத்தானாம்!

மேய்ச்சல்மணி:
நம்ம குதிரைவீரன் எழுதற தொடர்கதையில புது அத்தியாயம் படிச்சேன், பத்திக்கிட்டு வருது. புல்வெளி நாடோடிக் கூட்டமாம், பொண்ணோட அப்பன் மாப்பிள்ளைக்கு முந்நூறு குதிரை வரதட்சணையா ஓட்டிட்டு வர்றானாம். மந்தையே சொத்துன்னு இருக்கறவன் பொண்ணையும் குடுத்து மந்தையையும் குடுப்பானா? தெற்கு சூடான்ல நூவர் மக்கள்கிட்ட மாப்பிள்ளை வீடுதான் மாடு தரணும், பழைய கணக்குல 40 மாடு, அதையும் பொண்ணோட அப்பா, சித்தப்பா, தாய்மாமன்னு பங்கு போட்டுக்குவாங்க. அக்காவுக்கு வந்த மாட்டை வெச்சுத்தான் தம்பிக்கே பொண்ணு எடுப்பாங்க.

குதிரைவீரன்:
கற்பனைக் கதை சார். போன அத்தியாயத்துல ஓநாய் பேசிச்சே, அப்ப எங்க போனீங்க? சரி, மங்கோலியாவுக்கே வாங்க. தெமுஜின், அதான் பின்னாடி செங்கிஸ் கான் ஆனாரே, அவர் சம்சாரம் போர்த்தே வந்தப்ப போர்த்தேவோட அம்மா கறுப்பு சேபிள் ரோமக் கோட்டு கொண்டு வந்தாங்க. எந்த வீட்டுக் கோட்டு அது?

மேய்ச்சல்மணி:
ஒரே ஒரு கோட்டு! அதுவும் போர்த்தேவோட மாமியார், தெமுஜினோட அம்மா ஹோலுனுக்கு. கோட்டு புல்லு மேயுமா?

குதிரைவீரன்:
மேயாது. ஆனா அதைக் கொண்டுபோய் கெரெயித் கூட்டத் தலைவர் தொகுருல்கிட்ட குடுத்துத்தான் தெமுஜினுக்கு ஆதரவே கெடச்சுது. பொண்ணு வீட்டுக் கோட்டு.

நிலாப்பாட்டி:
தம்பிகளா, கசாக் மக்கள்ல ரெண்டு பக்கமும் உண்டு. மாப்பிள்ளை வீடு கலிம்னு கால்நடை குடுக்கும், பொண்ணு சீரோட சேத்து வெள்ளை யூர்ட் கூடாரமே கொண்டு வரும்.

மேய்ச்சல்மணி:
அக்கா, கூடாரமும் மேயாது. நான் கேக்கறது மந்தை எந்தப் பக்கம் போச்சுன்னு. தெமுஜினுக்கு 9 வயசுல பொண்ணு பேசினப்ப அப்பா யெசுகெய் தன் குதிரையைத்தான் அடையாளமா விட்டுட்டு வந்தார், பையனையும் மாமனார் வீட்டுல விட்டார். குதிரை எந்த வீட்டுது? சொல்லுங்க வீரரே. நூவர்ல கல்யாணமாகாம செத்துப்போனவன் பேர்ல சொந்தக்காரன் ஒரு பொண்ணைக் கட்டுவான், பொறக்கற புள்ளைங்க செத்தவனுக்குத்தான் சொந்தம், அந்தக் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை பக்கம்தான் மாடு தரணும். செத்தவனே தர்றான்யா, உங்க ஹீரோவுக்கு என்ன கேடு?

குதிரைவீரன்:
ஒத்தைக் குதிரையைப் புடிச்சிக்கிட்டு இவர் பேசலாம், நான் கோட்டைப் பேசக்கூடாது.

சும்மாவந்தவன்:
போர்த்தே ஒரு வயசு மூத்தவங்களாமே, உண்மையா?

மேய்ச்சல்மணி:
ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கோட்டு மேயுமான்னு இன்னும் பதில் வரல.

குதிரைவீரன்:
உங்களுக்கு என் கதை பிரச்சனை இல்ல சார். போன வருஷம் அங்கவடி, அதான் குதிரைச் சேணத்துல கால் வெக்கற வளையம், அதைப் பத்தின விவாதத் திரியில உங்களை மடக்கினேன்ல, அந்தக் கடுப்பு.

மேய்ச்சல்மணி:
மடக்கினியா? அங்கவடி இல்லாமயும் குதிரை ஓட்டுவாங்கன்னு அன்னிக்கே சொன்னேன், நீதான் திரியைப் பூட்ட வெச்சே. ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போடவா?