கிரீட் தீவின் கிராமத்தில் முதல் குளிர்காலம்: அங்கேயே இருப்பதா, நகருக்குப் போவதா?

குறிஞ்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாதம் நானும் என் கணவரும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், ஹானியா நகருக்குக் கிழக்கே அபோகோரோனாஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியேறினோம். அவர் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை செய்கிறார். நான் கிரேக்க மொழி கற்று வருகிறேன். கோடை முழுவதும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் செப்டம்பர் பிறந்ததிலிருந்து எதிர்ப்படும் ஒவ்வொருவரும் "காலோ ஹிமோனா", அதாவது குளிர்காலம் நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்துகிறார்கள். வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இப்படி வாழ்த்துவதைக் கேட்டால், வரப்போவது எளிதான காலமல்ல என்ற கலக்கம் எழுகிறது. அக்டோபர் இறுதியில் கடற்கரை உணவகங்கள் மூடிவிடும் என்பதால், வசந்தம் வரை ஹானியாவில் அடுக்குமாடி வீடு பார்க்கலாம் என்கிறார் கணவர். எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை.

இன்னொரு தயக்கமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி வாரந்தோறும் எலுமிச்சையும் கீரையும் முட்டையும் கொண்டுவந்து தருகிறார். நாங்கள் முட்டையும் உண்ணாத சைவர்கள். மறுத்தால் மனம் வருந்துவாரோ, பதிலுக்கு எதைத் தருவது என்று தெரியாமல் தவிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மலையடிவாரம்

சகோதரி, உங்கள் வட்டாரத்திலேயே ஒன்பது குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருங்கள். ஆனால் வீட்டை இப்போதே ஆயத்தப்படுத்திவிடுங்கள். வெண்மலைத்தொடரின் சிகரங்களில் பனி படிந்தாலும் நம் கிராமங்களில் கடுங்குளிர் அரிது. நம்மை வருத்துவது ஈரம்தான். தடித்த கல்சுவர்கள் கோடையில் தந்த அதே குளிர்ச்சியை மழைக்காலத்திலும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதால், வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகமாகக் குளிரும் நாள்கள் வரும். கட்டிலையும் அலமாரியையும் வடக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இல்லையேல் துணிகளில் பூஞ்சை பிடித்துவிடும். மழையில்லாத நண்பகலில் எல்லாச் சன்னல்களையும் திறந்துவையுங்கள். ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்குவது வீண்செலவாகாது.

கணப்புக்கு ஆலிவ் விறகு நின்று எரியும், ஆனால் காய்ந்ததாக இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களான எங்களுக்கு முதல் ஆண்டு பச்சை விறகை விற்றுவிட்டார்கள். மாதக்கணக்கில் புகையோடு போராடினோம். ஆகவே பாட்டியையோ அவர் மகனையோ உடன் அழைத்துச் சென்று வாங்குங்கள். மொட்டைமாடியில் உள்ள சோலார் வெந்நீர்க் கலன் மேகமூட்ட நாள்களில் போதாது. அப்போது மின்சாரத்தால் நீரைச் சூடாக்க, அதற்கான சுவிட்ச் மின்பெட்டியில் தனியாக இருக்கும். குளிப்பதற்கு முன் அதை அணைத்துவிடுவது இங்குள்ளவர்களின் வழக்கம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். புயலில் மின்சாரம் போகும், மெழுகுவர்த்தி வைத்திருங்கள். மருத்துவத்துக்கு வாமோஸ் ஊரில் சுகாதார மையம் இருக்கிறது. அவசரத்துக்கு 166 அல்லது 112.

அகப்பை

உணவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். "நிஸ்திசிமோ" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் நோன்பு உணவுக்கு அதுவே பெயர். இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் அதில் இராது. கிறிஸ்துமசுக்கு முன் நவம்பர் 15 முதல் 40 நாள், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு, ஆகஸ்டு முதல் இரு வாரம், இவை தவிர ஆண்டின் பெரும்பாலான புதன், வெள்ளிக் கிழமைகள் என்று நோன்பு நாள்கள் நிறைய இருப்பதால், நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை என்றால் திகைக்கும் பாட்டிக்கும் இந்தச் சொல் உடனே விளங்கிவிடும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கணவாய், ஆக்டோபஸ், இறால் ஆகியவை நோன்பில் அனுமதிக்கப்பட்டவை. அவையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லியாக வேண்டும்.

கோடையில் பாட்டி தந்த கீரைகளில் "விலிதா" நம் குப்பைக்கீரையின் இனம். "கிலிஸ்திரிதா" நம் பருப்புக்கீரையேதான். முதல் மழை பெய்ததும் காட்டுக்கீரைகள் முளைக்கத் தொடங்கும். அவற்றைப் பறிக்கப் பாட்டி புறப்படும்போது கூடவே போங்கள். எந்தக் கீரை நல்லது, எது ஆகாது என்பதை அவர் கைபார்த்துத்தான் கற்க முடியும். முட்டைக்கு நன்றி சொல்லி, அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், வருந்தமாட்டார். தட்டை மட்டும் வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள். இதில் அவர்கள் வழக்கமும் நம் வழக்கமும் ஒன்றே. காரம் குறைத்த எலுமிச்சைச் சாதம் கொடுத்துப் பாருங்கள். அவர் தந்த எலுமிச்சை அவர் வீட்டுக்கே சோறாகத் திரும்பட்டும்.

மலையடிவாரம்

அகப்பை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இவர்கள் பொருளைவிட உடனிருந்து உழைப்பதையே பெரிதாக மதிக்கிறார்கள். நவம்பரில் ஆலிவ் பறிப்பு தொடங்கும். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளைத் தட்டி, உதிர்ந்த காய்களைச் சாக்கில் கட்டி ஆலைக்கு ஏற்ற ஆள் போதாமல் ஒவ்வொரு குடும்பமும் திணறும் காலம் அது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ காய் தேவைப்படும் என்றால் எவ்வளவு உழைப்பு என்று எண்ணிப்பாருங்கள். இரண்டு நாள் நீங்களும் வலையைப் பிடித்தீர்களானால், அதன்பின் ஊர்க் காப்பிக்கடையான காஃபினியோவில் உங்களுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். கோடை முழுவதும் சொன்ன "காலிமேரா" என்ற காலை வணக்கங்களால் எனக்குக் கிடைக்காத நெருக்கம், முதல் பறிப்பில்தான் கிடைத்தது. நகருக்குப் போய்விட்டால் இதைத்தான் இழப்பீர்கள்.

குறிஞ்சி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே கணவரிடம் படித்துக் காட்டினேன். ஜனவரி வரை இருந்து பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். பாட்டியிடம் "நிஸ்திசிமோ" என்றதும் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, தம் தாயார் நோன்பில் சமைத்த கொண்டைக்கடலையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பாதிதான் புரிந்தது. அவர் மகன் நவம்பர் முதல் வாரத்தில், மழை இல்லையென்றால், வலை விரிக்கப் போகிறாராம். நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். கையுறையும் காலணியும் எப்படிப்பட்டவை தேவை என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.