புதுப்பிப்பு: வெயிலுக்கு வந்த ஓர்கிட் செடிகள்

விறாந்தை நிழலில் வளர்ந்த டெண்ட்ரோபியம், வண்டா என்ற ஓர்கிட் வகைகளை இலை கருகாமல் மட்டக்களப்பு கல்லடியில் உள்ள எங்கள் வளவின் திறந்த வெயிலுக்கு மாற்றுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. செடிகள் வெளியே வந்துவிட்டன, புது வேரும் விடுகின்றன.

முதலில் காலை வெயில் மட்டும், பிறகு 50 சதவீத நிழல் வலை. கிழமைக்குக் கிழமை நேரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மத்தியானத்தில் இலையைத் தொட்டுப் பார்ப்பதுதான் மிக உதவியது. சுட்டால் உடனே நிழலுக்கு. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைப்பதால் நீரை ஆவியாக்கிக் குளிர முடியாது, காற்றோட்டம்தான் சூட்டை எடுக்க வேண்டும். கடற்காற்று அதை நன்றாகவே செய்கிறது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, அப்படியில்லை, சூடாக வந்து வேரைக் காயவைத்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் விடியவே தண்ணீர் விடுங்கள், புதிதாக எதையும் வெயிலுக்கு மாற்றாதீர்கள்.

கடும்பச்சை இலை இளம்பச்சையானால் வெளிச்சம் சரி. லேசான செந்நிறம் எல்லை. வெளிறிய திட்டு கருகல்தான், அந்த இடம் திரும்பப் பச்சையாகாது.

பலனாப்சிஸ் என்ற ஓர்கிட் வகையை மட்டும் விறாந்தையிலேயே விட்டிருக்கிறேன், அதற்கு உச்சி வெயில் ஆகாது.