சிறுகுடல் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு பை நிறையத் தண்ணீர், சத்து ஒட்டுமா?

கடலூர்க்காரன்:
அண்ணனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டு சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்துவிட்டார்கள், அதிலிருந்து டிபிஎன்தான் (சத்தை நேராக ரத்தக் குழாயில் ஏற்றுவது). போன மாதம் சென்னையில் மாற்றுக் குடல் வைத்தார்கள். வாயால் சாப்பிடுகிறார், பார்க்கவே நிறைவாக இருக்கிறது. ஆனால் ஸ்டோமா பையில் (வயிற்றில் குடலுக்கு வைத்த திறப்பில் மாட்டும் பை) தினம் இரண்டு லிட்டருக்கு மேல் வருகிறது, தாகம் என்று தண்ணீரும் இளநீரும் குடிக்கக் குடிக்க இன்னும் கூடுகிறது. ஆள் எலும்பும் தோலுமாக இருக்கிறார், நெய்யும் கூடாதாம். ஏன்?

டயட்டீஷியன்_மதுரை:
முதலில் நெய். மாவுச்சத்தும் புரதமும் செரித்து ரத்தத்தில் நேராகக் கலந்துவிடும், அதனால் அவை சீக்கிரம் ஒட்டும். கொழுப்பு நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போகவேண்டும். ஆபரேஷனில் ரத்தக் குழாய்களைத் தைத்து இணைப்பார்கள், நிணநீர்க் குழாய்களைத் தைப்பதில்லை, அவை சில வாரங்களில் தானாகவே வளர்ந்து சேரும். அதற்குள் நெய் கொடுத்தால் பையில் போகும், இல்லை வயிற்றுக்குள் நிணநீர் கசியும். இடைக்காலத்துக்கு எம்சிடி எண்ணெய் (நடுத்தர நீளக் கொழுப்பு) தருவார்கள், அது ரத்தத்திலேயே கலக்கும். வீட்டுத் தேங்காய் எண்ணெய் அதற்கு மாற்று இல்லை.

தண்ணீர் கூடுவதற்குக் காரணம், வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளும் அறுபட்டிருக்கும், உணவு வேகமாக ஓடிவிடும். உப்பில்லாத தண்ணீரை மடமடவென்று குடித்தால் உடம்பிலிருக்கும் சோடியம் குடலுக்குள் இறங்கும், கூடவே தண்ணீரும் இறங்கும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போகும்போதுதான் தண்ணீர் பின்னாலேயே போகும், ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல்) வேலை செய்வது அப்படித்தான். டாக்டர் சொன்ன அளவில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்கச் சொல்லுங்கள். இளநீரை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், புதுக்குடலை உடம்பு நிராகரிக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும்.

வேலூர்_அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்தான். ஒன்றை மட்டும் மறக்காதே, தினமும் பையில் வருவதை அளந்து நோட்டில் எழுது. வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால் சாப்பாட்டின் மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதே, அது நிராகரிப்பாகவோ தொற்றாகவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வயிற்றுப்போக்கில் மருந்தும் இறங்கிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம், ஆனால் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தது, அப்படித்தான் ஆகுமாம். மாத்திரையை நாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

கடலூர்க்காரன்:
நன்றி அக்கா. இளநீரை இன்றே நிறுத்தினோம். பெருங்குடல் பாதி இருக்கிறது, பை எப்போது போகும், டிபிஎன் எப்போது நிற்கும்?

டயட்டீஷியன்_மதுரை:
பாதி இருப்பது நல்ல விஷயம். அந்த ஸ்டோமா வழியாகத்தான் அடிக்கடி பயாப்ஸி (பரிசோதனைக்குச் சிறு சதைத் துணுக்கு) எடுத்துப் புதுக்குடலைப் பார்ப்பார்கள், அதனால் சில மாதம் இருக்கும். மூடி இணைத்த பிறகு தண்ணீரையும் சோடியத்தையும் பெருங்குடல் இழுத்துக்கொள்ளும். டிபிஎன்னை ஒரேயடியாக நிறுத்தமாட்டார்கள், வாய்வழிச் சாப்பாட்டில் எடை நிற்கிறதா என்று பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மெக்னீசியமும் பார்க்கிறார்களா என்று அடுத்த முறை கேளுங்கள், பை வழியாகவும் போகும், டாக்ரோலிமஸாலும் குறையும்.