அலங் கப்பல் உடைப்பைப் பசுமைத் தொழில் என்று சொல்லலாமா?

உப்புக்காற்று:
கப்பல் உடைப்புக்கான சர்வதேச விதிகளைச் சொல்லும் ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் அமலுக்கு வந்துவிட்டது. கப்பலில் என்னென்ன நச்சுப்பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் உடைக்க முடியும். இனியாவது குஜராத் அலங்கைச் சுடுகாடு என்று திட்டுவதை நிறுத்தலாம். ஒரு டன் பழைய இரும்பு உலைக்குப் போனால் 1.1 டன் இரும்புத் தாதும் 630 கிலோ கோக்கிங் நிலக்கரியும் மிச்சம் என்பது எஃகு அமைச்சகத்தின் கணக்கு. கப்பல் தகட்டைப் பெரும்பாலும் உருக்கக்கூட வேண்டாம். வெட்டி, சூடாக்கி, உருட்டினால் கம்பி.

கரிசல்:
பட்டியல் சரி. உடைக்கிற இடம்? மணலில் ஏற்றி உடைப்பதை அந்த உடன்படிக்கை தடுக்கவே இல்லையே. அமாவாசை, பௌர்ணமி ஓதம் பார்த்துக் கரையேற்றுகிறார்கள். நீர் வற்றியதும் வெட்டு. அடுத்த ஓதம் வந்து பெயின்ட் துகள், எண்ணெய்க் கசடு எல்லாவற்றையும் அலசிக்கொண்டு போகும். பசுமையாம்!

பழைய எஞ்சின்காரன்:
நான் ஒரு சரக்குக் கப்பலை அங்கே கொண்டுபோய் ஏற்றியிருக்கிறேன். எஞ்சின் முழு வேகத்தில். தரை தட்டியபோது பெரிய சத்தமெல்லாம் இல்லை. மேசைமேல் இருந்த டீ கிளாஸ் மெல்ல நகர்ந்து விழுந்தது, அவ்வளவுதான். வெளியே வந்தால் சாலையோரம் முழுக்கக் கடைகள். மெத்தை, பீங்கான் தட்டு, கிச்சன் அடுப்பு, உயிர்காப்புப் படகு. எதுவும் வீணாவதில்லை கரிசல். இப்போது கப்பல் உடைக்கும் பல பிளாட்களில் கான்கிரீட் தளமும் கிரேனும் வந்துவிட்டன.

கரிசல்:
அண்ணே, தளம் இருப்பது கரைமேல். முதல் வெட்டு விழுவது ஓதம் ஏறி இறங்கும் இடத்தில். 2005 டிசம்பர் கடைசியில் கிளெமான்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை ஆஸ்பெஸ்டாஸோடு அலங்குக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2006-ல் அப்போதைய பிரெஞ்சு அதிபர் சிராக் திருப்பி அழைத்தார். பிறகு இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் தண்ணீரை வெளியேற்றிவிட்டு வேலை செய்யும் உலர் துறையில் வைத்து உடைத்தார்கள். முடியாத காரியமா என்ன?

உப்புக்காற்று:
அரசாங்கப் பணம், செய்தார்கள். தனியார் முதலாளி டன்னுக்கு எவன் அதிகம் தருகிறானோ அவனுக்குத்தான் விற்பான். துருக்கியின் கப்பல் உடைப்புத் தளமான அலியாகாவைவிட நம் ஆட்கள் கூட்டித் தருகிறார்கள். இங்கே கம்பிக்குத் தேவை இருக்கிறது.

கரிசல்:
தேவை பாதிக் காரணம். மீதி, துறை கட்டும் செலவும் வைத்தியச் செலவும் அந்த விலைக்குள் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலில் 20, 30 வருடம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நோயாக வரும். அதற்குள் கேஸ் கட்டர் பிடித்தவன் ஒடிசாவிலோ பீகாரிலோ தன் ஊருக்குப் போயிருப்பான். எந்தப் பதிவேட்டில் ஏறுவான்? 2016-ல் பாகிஸ்தான் கடானியில் டேங்கர் வெடித்து 26 பேராவது செத்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்தது, செய்தியானது.

உப்புக்காற்று:
அதற்காக மூடிவிடலாமா? கப்பல் நிற்காது, வேறு கடற்கரைக்குப் போகும். விதிகளிலிருந்து நழுவக் கடைசிப் பயணத்துக்கு மட்டும் கொமொரோஸ் போன்ற நாட்டுக் கொடிக்கு மாற்றிப் பதிந்துகொண்டு வருகிறவர்களை முதலில் பிடியுங்கள்.

கரிசல்:
மூடச் சொல்லவில்லையே. மணலை விட்டுத் துறைக்கு ஏற்று என்கிறேன். கூடுதல் செலவைக் கப்பல் முதலாளி தரட்டும்.

பழைய எஞ்சின்காரன்:
கரிசல், ஒன்று கேட்கிறேன். அந்தக் கப்பலில் நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு உறை இருக்கும். கசிவு வந்தால் நாங்களே கையால் பிய்த்துப் போடுவோம், மூக்கில் ஒரு துணிகூடக் கிடையாது. எட்டு வருடம். அது என்னவென்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருகிறேன்.