பழைய பிக்கப்பில் வலது பின் இண்டிகேட்டர் எரியவில்லை, உதவி தேவை

வண்டி 1966 ஃபோர்டு எஃப்-100, 12 வோல்ட், அசல் வயரிங். பின்னால் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே ஃபிலமென்ட்தான் (பல்புக்குள் எரியும் இழை).

3 வாரத்துக்கு முன் வலது பின் இண்டிகேட்டர் சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை. இப்போது சுத்தமாக இல்லை. வலது பக்கம் போட்டால் முன் விளக்கும் டேஷ்போர்டு விளக்கும் சிமிட்டாமல் அப்படியே எரிந்து நிற்கின்றன. பிரேக் அழுத்தினால் இடது மட்டும் எரிகிறது. ஆனால் வலது பார்க்கிங் விளக்கு நன்றாகவே எரிகிறது. இடது இண்டிகேட்டரில் குறை எதுவும் இல்லை.

இடது பக்கத்து 1157 பல்பை (இரண்டு ஃபிலமென்ட் உள்ளது) வலதில் மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஹோல்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் கொடுத்தேன். ஃபிளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பாகம்) புதிது. அப்புறம் ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டைச் சுற்றிய குழாய்) அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றி, பின்பக்கம் போகும் வலது வயருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது! அதனால் அங்கிருந்து பின்னால் வரை வயரில் பழுதில்லை என்றே நினைக்கிறேன். இண்டிகேட்டர் சுவிட்சுக்கு வரும் பிரேக் வயரிலும் டெஸ்ட் லேம்ப் எரிகிறது, வலது பின் விளக்குக்கு வெளியே போகும் வயரில்தான் எதுவும் வரவில்லை. இண்டிகேட்டர் கைப்பிடியை லேசாக ஆட்டினால் எப்போதாவது ஒரு நொடி மின்னி அணைகிறது.

அப்பாவின் வண்டி இது. பழைய வயர்கள் மொறுமொறுவென்று காய்ந்திருப்பதால் தேவையில்லாமல் பிரிக்கப் பயமாக இருக்கிறது.

பழுது சுவிட்ச் கான்டாக்டிலா, ஸ்டீயரிங் குழாய்க்குள் போகும் வயரிலா என்பதை ஸ்டீயரிங் வீலைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?