நான்கு வழிச்சாலை வருது, கண்மாய்த் தண்ணி எந்த வழியாப் போகும்? (பரமக்குடி – ராமநாதபுரம்)

சத்திரக்குடிச் சம்சாரி:

மதுரையிலிருந்து பரமக்குடி வரைக்கும் நான்கு வழி ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கு. மிச்சமுள்ள பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டருக்கு 2025 ஜூலையில மத்திய அமைச்சரவை 1,853 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தாச்சு. ரோடு வேண்டாம்னு இங்க யாரும் சொல்லலை. கவலையெல்லாம் தண்ணியப் பத்திதான். ரோட்டுக்கு ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் அந்தத் தண்ணி பாயுற ஆயக்கட்டு வயல். கலுங்குல வழியுற தண்ணியும் ரோட்டுக்கு அடியில போய்த்தான் அடுத்த கண்மாய்க்குச் சேருது. ரோட்டை அகலமாக்கி உசத்திட்டா இது என்ன ஆகும்? எந்தக் கட்டத்துல, யாருகிட்ட, எதை எழுதிக் கேட்கணும்? கண்மாயில மண் எடுக்க விடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மட்டக்கோல்:

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வெள்ள மட்டத்துக்கு மேலே 0.6 முதல் 1 மீட்டர் விட்டுத்தான் சாலையின் கீழ்த்தளம் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் மேலேறித் தார் வெடிக்கும். அதன்மேல் அரை மீட்டர் கெட்டித்த மண், அதற்கு மேல் ஜல்லி அடுக்குகள், தார். ஆக, சாலை கண்மாய்க்கரை மாதிரி எழும்பி நிற்கும். கரைக்கு மடை எப்படியோ, இந்தச் சாலைக்குச் சிறுபாலம் அப்படி.

பலரும் பாலத்தின் அகலத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் தரை மட்டத்தைப் பாருங்கள். வாய்க்கால் அடியைவிடப் பாலத்தின் தரை 20 செ.மீ. உயரமாக அமைந்தால், மேற்புறத்தில் 20 செ.மீ. தண்ணீர் வடியவே வடியாது. நெல் அழுகுவதற்கு அது போதும்.

இதை ஊரார் தாங்களே சரிபார்க்கலாம். உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் 20 மீட்டர் வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு குச்சிகளில் அளவு டேப் ஒட்டி, டியூப்பின் முனைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்; டேப்பில் தெரியும் வித்தியாசமே தரையின் உயர வித்தியாசம். அளவெடுத்தவர்கள் சாலையோரம் நட்டுவிட்டுப் போன பெஞ்ச்மார்க் கல்லில் மட்டம் எழுதியிருப்பார்கள். அங்கிருந்து தொடங்கி 15, 15 மீட்டராக நகர்ந்து கலுங்கு மட்டத்தையும், சாலையின் இருபுறமும் வாய்க்கால் அடி மட்டத்தையும் எடுங்கள். அதே வழியில் கல்லுக்குத் திரும்பி வரும்போது 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். இந்த மட்டங்களைச் சாலைத் திட்ட வரைபடத்தில் அந்தப் பாலத்துக்குப் போட்டிருக்கும் தரை மட்டத்தோடு ஒப்பிட்டு மனுவில் எழுதுங்கள். ‘தண்ணீர் தேங்கும்’ என்று எழுதும் மனுவைவிட ‘பாலத்தின் தரை 0.22 மீட்டர் உயரமாக உள்ளது’ என்று எழுதும் மனுவுக்குப் பொறியாளர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்தது பாலத்தின் நீளம். இருவழிச் சாலைக்கு அடியில் 12 மீட்டர் இருந்த சிறுபாலம், நான்கு வழியும் சர்வீஸ் ரோடும் சேர்ந்தால் 30 மீட்டரைத் தாண்டிவிடும். நடுவில் சீமைக்கருவேல முள் சிக்கினால் வெளியிலிருந்து எடுக்க முடியாது. குழாய் வேண்டாம், ஆள் குனிந்து போய்த் தூர்வாரும்படியான பெட்டிப் பாலம் கேளுங்கள். பக்கத்தில் ரயில் பாதையிலும் அதே வாய்க்காலுக்குப் பாலம் இருந்தால், சாலைப் பாலத்தின் கண் (தண்ணீர் போகும் திறப்பு) அதைவிடச் சிறுக்கக் கூடாது.

இன்னொன்று. வேலை நடக்கும்போது தற்காலிக மாற்றுப்பாதைக்கு வாய்க்காலை மண்ணால் அடைத்து, இரண்டு குழாய் மட்டும் போடுவார்கள். வயல் மூழ்குவது பெரும்பாலும் இதனால்தான். செப்டம்பர் கடைசிக்குள் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

புலப்படம்:

நில எடுப்பு 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நடக்கும். அந்தச் சட்டத்தின் 3ஏ பிரிவில் வரும் அறிவிப்பு, நிலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்வது; அது வந்ததிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத்தில் போயாக வேண்டும். அறிவிப்பில் பெயர் குறித்திருக்கும் நில எடுப்பு அலுவலரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, நிலத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையது. 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் 3ஏ காலாவதி.

விலை நிர்ணயம் 2013 நில எடுப்புச் சட்டப்படி. வழிகாட்டி மதிப்பு ஒன்று. முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. மரம், கிணறு, கட்டடம் எல்லாம் தனிக் கணக்கு. பனைகளை எண்ணி, போட்டோ எடுத்து, புல எண் வாரியாகப் பட்டியல் கொடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பணம் முடங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தொகை போதாதென்றால் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி(5) பிரிவின் கீழ் நடுவரிடம் போகலாம்; பணத்தை வாங்கிக்கொண்டே போகலாம்.

கிராவல் லோடு:

கண்மாய் மண் கேள்விக்கு: விடலாம், ஆனா சோதிச்சு விடணும். மேலாப்புல இருக்கிற வண்டல் வயலுக்குத்தான் போகணும், ரோட்டுக்கு அது ஆகாது. கீழ இருக்கிற களிமண்ணும் பல இடத்துல உப்பிச் சுருங்குற ரகம். 425 மைக்ரான் சல்லடையில சலிச்ச காஞ்ச மண்ணை 10 கிராம், 10 கிராமா எடுத்து, இரண்டு 100 மி.லி. அளவு ஜாடியில போடுங்க. ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல மண்ணெண்ணெய். ஒரு நாள் வைங்க. மண்ணெண்ணெய்ல 10 மி.லி.க்கு நிக்கிற மண்ணு தண்ணியில 16 வரைக்கும் உப்புனா, உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அந்த மண்ணை ரோட்டுக்குக் கொட்டக் கூடாது. பள்ளிக்கூட ஆய்வகத்துலயே செய்யலாம்.

மண்ணு தேறினாலும் கரையடியில வெட்ட விடாதீங்க, கரை சரிஞ்சிடும். களியை முழுசா உரிச்சு மணல் தெரியுற ஆழத்துக்கும் போக விடாதீங்க. நம்ம பக்கம் அடியில உப்புத் தண்ணி. களிதான் மூடி மாதிரி அதை அடக்கி வச்சிருக்கு. அது போச்சுன்னா தேங்குற தண்ணியும் கீழ இறங்கிடும், மிச்சமும் உவர்ப்பாயிடும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலை நிரப்பச் சொல்லியும் கேக்கலாம். 300 கிலோமீட்டருக்குள்ள சாலை வேலைன்னா சாம்பல் பயன்படுத்தணும்னு விதியே இருக்கு. ஆனா பக்கவாட்டுல நல்ல மண்ணு போர்த்தணும், இல்லைன்னா முதல் மழையிலேயே கரைஞ்சு வயலுக்கு வந்துடும்.

ஐஸ்பெட்டி:

கடற்கரைக்காரங்க பக்கத்துலேருந்து ஒண்ணு. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மீன் மதுரைக்குப் போறது முக்கியமா இந்த ரோட்டுலதான். பரமக்குடியிலயும் அச்சுந்தன்வயல் பக்கமும் வண்டி நிக்கிற நேரமெல்லாம் ஐஸ் உருகுற நேரம். இறால், நண்டு விலை அங்கதான் இறங்குது. அதனால இந்த ரோடு எங்களுக்குக் கட்டாயம் வேணும்.

ஆனா ஊருக்கு விடுற சுரங்கப்பாதை உயரத்தை இப்பவே கேளுங்க. 4 மீட்டர்ல ஒண்ணு, 5.5 மீட்டர்ல ஒண்ணுன்னு ரெண்டு ரகம் வரும். 4 மீட்டர்ல வைக்கோல் பாரம் ஏத்துன வண்டி நுழையாது, கதிர் அறுக்குற மெஷின் லாரியும் திணறும். நடுத்தடுப்புல திறப்பு பொதுவா 2 கிலோமீட்டர் இடைவெளிக்குக் குறைஞ்சு விட மாட்டாங்க. வயலுக்குப் போக எதிர்த்திசையில டிராக்டர் ஓட்டுற நிலை வந்தா உயிர்ச்சேதம்தான். ஆயக்கட்டு இருக்கிற பக்கமெல்லாம் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியா வரணும்.

சத்திரக்குடிச் சம்சாரி:

எல்லாருக்கும் நன்றி. மட்டக்கோல் அண்ணே, ரெண்டு சந்தேகம். சுரங்கப்பாதையிலயே தண்ணி நின்னா? அப்புறம், பாலம் கட்டுறதுக்கு இங்க போர்த் தண்ணி உப்பா இருக்கே, தாங்குமா?

மட்டக்கோல்:

தம்பி, நம் ஊர் சமவெளி. தரையைத் தோண்டிச் சுரங்கப்பாதை போட்டால் மழைக்காலம் முழுக்க அது ஊருணிதான். இருக்கிற தரை மட்டத்திலேயே வழி விட்டு, பிரதான சாலையை அதற்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. உவர்ப்பு போர்த் தண்ணீர் இதைச் சுலபமாகத் தாண்டும். ஒவ்வொரு நீர் ஆதாரத்துக்கும் சோதனை அறிக்கை கேளுங்கள். கான்கிரீட்டை நனைக்க ஊற்றுவதும் அதே நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்; இங்கேதான் ஏமாற்றுவார்கள். உப்புக்காற்று படும் இடங்களில் வலுக் கூடிய கலவை, கம்பிக்கு 50 மி.மீ. மூடல் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்). கான்கிரீட் போடும் முன்பு கம்பிக்கும் பலகைக்கும் இடையே இருக்கும் கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். 25 மி.மீ. கட்டை வைத்திருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி துருப்பிடித்தால் உப்பிக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும், அதன்பின் ஒட்டுப்போட்டு நிற்காது.

இந்த வேலை ஹைப்ரிட் அன்யூட்டி முறை. கட்டும்போது 40 சதவீதம் கொடுத்துவிட்டு, மீதியை 15 ஆண்டில் தவணையாகத் தருவார்கள். அதுவரை பராமரிப்பும் ஒப்பந்ததாரர் பொறுப்பே. ஆகவே ஆடி முடிந்ததும் ஊராட்சித் தீர்மானம் ஒன்று போட்டு, எந்தெந்தச் சிறுபாலத்தில் எவ்வளவு உயரத்துக்கு மண் மேவியிருக்கிறது என்று கிலோமீட்டர் கல் எண்ணோடு எழுதி, திட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அப்போதுதான் மழைக்கு முன்பு தூர்வார அவர்களுக்கும் நாள் கிடைக்கும்.